ஆற்றில் இறங்குவதற்கு முன், கரையேறும் இடம்

நானும் தங்கையும் வழிகாட்டி இல்லாமல் கேனோவில், அதாவது துடுப்புப் போட்டுப் போகும் திறந்த சிறு படகில், போன முதல் ஆற்றுப் பயணம் மூன்று நாள். வரைபடத்தில் சாலை ஒன்று ஆற்றை நெருங்கி வந்து, தொட்டுவிட்டுத் திரும்பும் இடம் இருந்தது. அங்கே கரையேறிவிடலாம் என்று குறித்து வைத்திருந்தோம். மூன்றாம் நாள் மாலை 5.30 மணிக்கு அங்கே போய்ச் சேர்ந்தோம். சாலை இருந்தது. முந்தைய வாரமே கொண்டுபோய் நிறுத்திய காரும் இருந்தது. ஆனால் காருக்கும் எங்களுக்கும் நடுவே இரண்டு ஆள் உயரத்துக்குச் செங்குத்தான மண்கரை. அதன் காலடியில்தான் ஆறு தன் முழு வேகத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. பிடித்து நிற்க ஒரு வேர் கூட அகப்படவில்லை. எங்கள் காரை நாங்களே அண்ணாந்து பார்த்தபடி கடந்து போனோம்.

அடுத்த பாலம் 11 கிலோமீட்டர் கீழே. பாலம் இருப்பதை மட்டும் வரைபடத்தில் பார்த்திருந்தோம். நடுவில் என்ன இருக்கிறது என்று பார்த்திருக்கவில்லை. இருட்டிய பிறகு, நெற்றி விளக்கு வெளிச்சத்தில், கரையை ஒட்டியே மெதுவாகப் போய்ச் சேர்ந்தோம். வழியில் பெரிதாக எதுவும் இல்லாததால் நல்லபடியாக முடிந்தது. இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

சாலை ஆற்றைத் தொடும் இடம் ஏன் அப்படி இருந்தது என்பதைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். ஆறு வளையும்போது நீர் வெளிப்பக்கக் கரையை அரிக்கும். அரித்த மண்ணையும் மணலையும் கீழே அடுத்தடுத்த வளைவுகளின் உட்பக்கத்தில் படிய வைக்கும். அதனால் வெளிப்பக்கம் ஆழம், வேகம், செங்குத்துக் கரை. உட்பக்கம் ஆழமில்லாத, சாய்வான மணல்திட்டு. ஆறு அரித்து அரித்துச் சாலைப் பக்கம் நகர்ந்து வந்திருந்தால், சாலை தொடும் இடம் பல சமயம் வளைவின் வெளிப்பக்கமாகத்தான் இருக்கும். காருக்கு மிகவும் வசதியான இடம் கேனோவுக்கு மிகவும் மோசமான இடமாக அமைவது இப்படித்தான்.

அன்றிலிருந்து எந்த ஆற்றுப் பயணத்தையும் நான் கடைசியிலிருந்து திட்டமிடுகிறேன். எங்கே கரையேறுவது? அது தவறினால், அதற்குக் கீழே எங்கே ஏறலாம்? அதுவரை போக முடியாவிட்டால், அதற்கு மேலே எங்கே ஏறலாம்? அதற்கும் மேலே? இப்படி ஆற்றுக்கு எதிர்த்திசையில் ஒவ்வொரு துறையாக விரல் வைத்துப் போய், கடைசியாகத்தான் தொடங்கும் இடத்துக்கு வருவேன். தமிழில் ‘துறை’ என்று ஒரே சொல், இறங்கவும் ஏறவும். கேனோவுக்கு அது சரிவராது. இறங்கும் துறையில் நமக்கு வேண்டிய நேரம் இருக்கும், உடம்பில் தெம்பு இருக்கும், சரியில்லை என்றால் வேறு இடம் பார்க்கலாம். ஏறும் துறைக்குக் களைத்துப்போய், நனைந்து, பெரும்பாலும் வெளிச்சம் குறையும் நேரத்தில் வருகிறோம். நீரோட்டம் காத்திருக்காது.

ஒரு துறையை எப்படிச் சோதிப்பது? செயற்கைக்கோள் படத்தில் வளைவின் உட்பக்கம் வெளிறிய நிறத்தில் தெரிந்தால் அது மணல் அல்லது கூழாங்கல் திட்டு. அந்தப் படம் எந்த மாதம் எடுத்தது என்பதையும் பார்க்க வேண்டும். வறண்ட காலத்துப் படத்தில் அகலமாகத் தெரியும் திட்டு, நீர் நிறைந்த மாதத்தில் இருக்கவே இருக்காது. பாலங்களையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. பல பாலங்கள் கரை உயரமாகவும் உறுதியாகவும் இருக்கும் இடத்தில்தான் நிற்கின்றன, அடியில் பெரிய கற்களைக் கொட்டியிருப்பார்கள். படத்தைவிட நேரில் போய்ப் பார்ப்பது மேல். எப்படியும் காரை அங்கே விடத்தான் போகிறோம். விட்டுவிட்டு, தண்ணீர் வரை இறங்கி, மேல்நோக்கித் திரும்பி நின்று, வரும்போது எது முதலில் கண்ணில் படும் என்று பார்ப்போம். கேனோவில் உட்கார்ந்தால் கண் தண்ணீருக்கு ஒரு மீட்டர் உயரத்தில்கூட இருக்காது. எல்லாக் கரையும் ஒரே பச்சைக் கோடாகத்தான் தெரியும். சாய்ந்த மரம், கம்பிக் கோபுரம் என்று ஏதாவது ஒன்று வேண்டும். இல்லையென்றால் ஒரு கிளையில் சிவப்புத் துணி கட்டிவிட்டு, ஏறியதும் அவிழ்த்துக்கொள்வோம். குறிப்பில் இடது, வலது என்று எழுதும்போது, நீர் போகும் திசையைப் பார்த்து நிற்பவரின் இடது, வலதுதான் கணக்கு. எந்த நாட்டு ஆற்றுக் குறிப்பிலும் அப்படித்தான்.

கரையேறுவதே முக்கியமான கேள்வி என்பதை அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஓடும் கிரீன் ஆறு நன்றாகக் காட்டுகிறது. லேபிரிந்த் கேன்யன் என்ற பகுதியில் ரூபி ராஞ்ச் தொடங்கி மினரல் பாட்டம் வரை சுமார் 72 கிலோமீட்டர். ரேப்பிட், அதாவது ஆறு பாறைகளுக்கிடையே அலையடித்து வேகமாகப் பாயும் இடம், எதுவும் இல்லை, புதியவர்களும் துடுப்புப் போடலாம். மினரல் பாட்டத்தைத் தாண்டினாலும் தண்ணீர் அப்படியேதான் ஓடும். ஆனால் அதன் பிறகு கார் வந்து ஏற்றிக்கொள்ளச் சாலை கிடையாது. சுமார் 84 கிலோமீட்டர் கழித்து ஆறு கொலராடோவில் கலக்கும். அதற்குச் சிறிது கீழே கேட்டராக்ட் கேன்யனின் பெரிய ரேப்பிட்கள் ஆரம்பிக்கின்றன. அந்தக் கீழ்ப்பகுதிக்குப் போகும் கேனோக்காரர்கள் ஜெட் படகை முன்கூட்டியே ஏற்பாடு செய்து, கொலராடோவில் எதிர்நீரோட்டமாக மோவாப் ஊருக்குத் திரும்புகிறார்கள். படகு வரும் நாள், நேரம், இடம் எல்லாம் முடிவான பிறகுதான் மற்ற திட்டம். ஆற்றுநீர் வண்டலாக இருக்கும் என்பதால் குடிநீரையும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் கணக்கில் சுமந்தே போகிறார்கள். கழிவைத் திரும்பக் கொண்டுவரும் கையடக்கக் கழிப்பறையும் கட்டாயம்.

இதே ஆற்றில்தான் 1869 மே 24 அன்று ஜான் வெஸ்லி பவல் என்ற அமெரிக்கப் புவியியல் ஆய்வாளர் நான்கு படகுகளோடும், தன்னையும் சேர்த்து பத்துப் பேரோடும் புறப்பட்டார். உள்நாட்டுப் போரில் ஒரு கையை இழந்தவர். பத்து மாதத்துக்குத் தேவையான உணவு கூட இருந்தது. சில வாரங்களிலேயே லோடோர் கேன்யனில் ஒரு படகு பாறையில் மோதி உடைந்தது, அதிலிருந்த உணவும் போயிற்று. உயரம் அளக்க வைத்திருந்த பாரமானிகளும் அந்தப் படகில்தான் இருந்தன. உடைந்த பாகத்துக்குள் கிடந்த அவற்றை மறுநாள்தான் மீட்டார்கள். ஆகஸ்ட் 28 அன்று, கீழே கொலராடோவில், இன்னொரு பயங்கரமான ரேப்பிட்டின் முன், மூன்று பேர் இனி முடியாது என்று ஆற்றை விட்டு மேலேறி நடந்தார்கள். அவர்கள் திரும்பவே இல்லை. மீதிப் பேர் ஆகஸ்ட் 30 அன்று வெர்ஜின் ஆறு கலக்கும் இடத்தில் வெளியே வந்தார்கள். இடையில் இரண்டே நாள். எத்தனை தூரம் மிச்சம் என்று யாருக்கும் தெரியாமல் இருந்ததுதான் அந்த மூவரையும் நடக்க வைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது. இன்று நம் கையில் வரைபடம் இருக்கிறது. அதைக் கடைசி வரை விரித்துப் பார்க்காமல் புறப்பட்டோமே என்று நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

சரி, துறைகள் முடிவான பிறகு தண்ணீர். நான் அதிக நேரம் செலவிடுவது இதில்தான். அணையிலிருந்து விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி நீர் திறப்பு என்று செய்தியில் கேட்டுக் கேட்டுப் பழகிய நமக்கு, அந்த எண்ணை மனக்கண்ணில் பார்க்கும் பழக்கம் மட்டும் இல்லை. 40 மீட்டர் அகலம், சராசரியாக 1 மீட்டர் ஆழம், விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் விநாடிக்கு 40 கனமீட்டர், அதாவது ஏறக்குறைய 1,400 கன அடி. ஒரு கனமீட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. ஒவ்வொரு விநாடியும் 40 டன் நம்மைக் கடந்து போகிறது. வேகம் இரண்டு மடங்கானால் அது நம்மைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். அதனால் மட்டம் கொஞ்சம் உயர்ந்தாலே ஆறு வேறு ஆறாகிவிடுகிறது. போன மாதம் ஒருவர் நிம்மதியாகப் போய்வந்த இடத்துக்கு இந்த மாதம் நாம் போனால், அவர் போன ஆற்றுக்கு நாம் போகவில்லை.

பல நாடுகளில் ஆற்றோரம் நீரளவு நிலையங்கள் வைத்து, எண்களை இணையத்தில் உடனுக்குடன் தருகிறார்கள். அமெரிக்காவில் யு.எஸ்.ஜி.எஸ். என்ற அரசு நிலவியல் ஆய்வு அமைப்பு, கனடாவில் வாட்டர் சர்வே ஆஃப் கனடா. இன்றைய எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. கடந்த சில ஆண்டுகளில் இதே வாரத்தில் எவ்வளவு இருந்தது, மழை பெய்தால் எத்தனை மணி நேரத்தில் ஏறுகிறது, எத்தனை நாளில் வடிகிறது என்று கோட்டுப்படத்தில் பார்த்தால் ஆற்றின் குணம் பிடிபடும். பனி உருகி வரும் ஆறு வெயில் நாளில் பகலில் உருகியதை இரவிலோ மறுநாள் காலையிலோ நம்மிடம் கொண்டுவரும். அணைக்குக் கீழே உள்ள ஆறு மழையே இல்லாமல் ஏறும். நிலையம் இருக்கும் இடத்துக்குக் கீழே பெரிய துணையாறு வந்து சேர்ந்தால், அதன் தண்ணீர் அந்த எண்ணில் இருக்காது. இவற்றையெல்லாம் பார்த்துவிட்டு, எந்த அளவுக்கு மேல் போனால் புறப்பட மாட்டோம் என்று ஓர் எண்ணை எழுதி வைத்துவிடுவோம். வீட்டில், காய்ந்த உடையோடு, பசியில்லாமல் உட்கார்ந்திருக்கும்போது எழுதும் எண் அது. படகை ஏற்றிக்கொண்டு அவ்வளவு தூரம் போன பிறகு கரையில் நின்று எடுக்கும் முடிவை நான் நம்புவதில்லை. மனம் போகத்தான் சொல்லும்.

ரேப்பிட்களுக்கு ஒன்று முதல் ஆறு வரை உலகம் முழுக்கப் பயன்படும் தரவரிசை இருக்கிறது. ஒன்று என்றால் சிற்றலை. இரண்டு என்றால் அலை உண்டு, ஆனால் வழி அகலமாகவும் தெளிவாகவும் தெரியும். மூன்றில் ஒழுங்கில்லாத அலைகள் வரும், திறந்த கேனோவுக்குள் தண்ணீர் நிறைந்துவிடலாம். மூட்டை முடிச்சோடு போகும் எங்களைப் போன்றவர்களுக்கு இரண்டே எல்லை. அதற்கு மேல் வந்தால் படகைக் கரைவழியே தூக்கிக்கொண்டு நடப்போம். அதற்கான நேரத்தையும் முன்பே கணக்கில் வைப்போம். தண்ணீர் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தாலோ, உதவி எட்டாத காட்டில் இருந்தாலோ, தரத்தை ஒரு படி கூட்டியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது துடுப்புக்காரர்களிடையே பழைய விதி. கோர்டன் கீஸ்பிரெக்ட் என்ற கனடியப் பேராசிரியர் குளிர்நீரை 1-10-1 என்று நினைவில் வைக்கச் சொல்கிறார். முதல் 1 நிமிடம் மூச்சைக் கட்டுப்படுத்த. அடுத்த 10 நிமிடம் கை கால் நாம் சொன்னபடி கேட்கும். 1 மணி நேரம் வரை நினைவு தங்கும். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தால்தான் அந்த ஒரு மணி நேரம் கிடைக்கும். அதனால் உடை, வெயிலுக்கு ஏற்றதாக இருந்தால் போதாது, தண்ணீரின் குளிருக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

தரவரிசையில் வராத இரண்டு ஆபத்துகளை நான் ரேப்பிட்களைவிட அதிகம் பயப்படுகிறேன். ஒன்று, விழுந்து கிடக்கும் மரம். கிளைகளின் வழியே தண்ணீர் போகும், ஆள் போக முடியாது. வடிகட்டியில் சக்கை நிற்பதுபோல உடம்பு நின்றுவிடும். கரை அரிக்கும் வெளிவளைவுகளில்தான் மரங்கள் விழும், நீரோட்டமும் நம்மை அங்கேதான் கொண்டுபோகும். வளைவு வருமுன்னே உட்பக்கம் ஒதுங்கும் பழக்கம் வேண்டும். இன்னொன்று தடுப்பணை. மேலிருந்து வருபவருக்கு அது தெரியவே தெரியாது. தண்ணீர் ஒரு நேர்க்கோட்டில் முடிவதுபோல இருக்கும், அவ்வளவுதான். கீழே விழும் நீர் மேற்பரப்பில் அணையை நோக்கியே திரும்பிச் சுழலும். உள்ளே போன ஆளையும் படகையும் வெளியே விடாது. ஓர் ஆள் உயரம்கூட இல்லாத தடுப்பணைகள் ஆளை வாங்கியிருக்கின்றன. பயணத் தூரத்தில் உள்ள ஒவ்வொரு தடுப்பணையையும் வரைபடத்தில் சிவப்பில் குறித்து, அதற்கு நன்றாக மேலேயே கரையொதுங்கும் இடத்தையும் சேர்த்துக் குறிக்காமல் நாங்கள் புறப்படுவதில்லை.

தூரக் கணக்கு எளிது என்று நினைத்திருந்தேன். மூட்டையோடு கூடிய கேனோ அசையாத நீரில் மணிக்கு 4, 5 கிலோமீட்டர் போகும். நீரோட்ட வேகத்தைக் கூட்டினால் முடிந்தது என்று. ஆனால் கனடாவின் யூக்கான் ஆற்றைப் பாருங்கள். வொய்ட்ஹார்ஸிலிருந்து டாசன் சிட்டி வரை 700 கிலோமீட்டருக்கு மேல். ஆறு பெரும்பாலும் வேகமானது, பலர் இரண்டு வாரத்தில் போய்விடுகிறார்கள். ஆனால் தொடக்கத்திலேயே லபார்ஜ் ஏரி, சுமார் 50 கிலோமீட்டர் நீளத்துக்கு நீரோட்டமே இல்லாமல் கிடக்கிறது. காற்று எழுந்தால் அலை அடிக்கும். கரையை ஒட்டியே போக வேண்டும், காத்துக் கிடக்கவும் நேரும். ஆற்றில் ஒரே பகலில் கரையும் 50 கிலோமீட்டர், அங்கே இரண்டு மூன்று நாளைத் தின்றுவிடும். அதனால் நான் இப்போது நாள்களைக் கிலோமீட்டரில் பிரிப்பதில்லை. ஒரு நாளில் தண்ணீரில் 5 மணி நேரம் என்று வைத்து, அதில் என்ன வருகிறதோ அதுதான் அன்றைய தூரம். விடியலில் புறப்பட்டு, பிற்பகல் காற்றுக்கு முன் முகாம். மூன்று நாள் பயணத்துக்கு ஒரு நாள் உபரி. அந்த உபரி நாளுக்கும் உணவு உண்டு.

பொருள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது எங்கும் கிடைக்கும் விவரம். கூடுதலாக ஒரு துடுப்பு. தண்ணீரில் விழுந்தவருக்கு வீச 15 மீட்டராவது நீளமுள்ள எறிகயிறு, கைக்கு எட்டும் இடத்தில். நீர் புகாத பைகள் எல்லாம் படகோடு கட்டப்பட்டிருக்க வேண்டும், எடை அடியிலும் நடுவிலும். எதிர்காற்று என்றால் முன்பக்கம் சற்றுக் கனமாக. உணவும் நெருப்பும் ஒரே பையில் வேண்டாம், பவலின் பாரமானிகளை நினைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், கீழே நிற்கும் காரின் சாவி. அது மேலே நிற்கும் வண்டியில் தங்கிவிடாமல், ஒருவர் உடம்போடு இருக்க வேண்டும்.

கடைசியாக ஒரு தாள். அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போவோம். எங்கே இறங்குகிறோம், எந்தெந்தத் துறையில் ஏற முடியும், படகின் நிறம், எத்தனை பேர் என்று எல்லாம் இருக்கும். அதில் முக்கியமானது ஒரே ஒரு வரி: இந்தத் தேதி, இந்த மணிக்குள் எங்களிடமிருந்து செய்தி வராவிட்டால் இந்த எண்ணுக்கு அழைக்கவும். அதற்கு முன் பதற வேண்டாம், அதற்குப் பின் காத்திருக்கவும் வேண்டாம். உபரி நாளையும் சேர்த்துத்தான் அந்தத் தேதி. இல்லாவிட்டால், தேட வந்துவிடுவார்களே என்ற பயத்திலேயே தப்பான தண்ணீரில் படகை இறக்கிவிடுவோம்.

போன பயணத்தில் அந்த வரியில் சேர்த்திருந்த உபரி நாள் வேலைக்கு வந்தது. இரண்டாம் நாள் ஒரு திட்டில் முகாம். எப்போதும்போல தங்கை தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டாள். படகைத் தூக்கி மேலே கொண்டுவந்து மரத்தில் கட்டினோம், கூடாரத்தையும் திட்டின் உயரமான முனையில்தான் போட்டோம். இரவு எங்களுக்கு மேல் மழை இல்லை. தொலைவில், ஆறு வரும் பக்கம், மின்னல் மட்டும் நெடுநேரம் இருந்தது. விடியலில் பார்த்தபோது குச்சி தண்ணீருக்குள் நின்றது. ஆறு பழுப்பாகி, கிளைகளும் நுரையும் மிதந்து போயின. தங்கை சாண் வைத்து அளந்தாள். ஒன்றரைச் சாண் ஏறியிருந்தது.

வீட்டில் எழுதிய தாளில் இருந்தது: முகாமில் ஒரு சாணுக்கு மேல் ஏறினால், அல்லது மரம் மிதந்தால், புறப்படுவதில்லை.

“அக்கா, மத்தியானத்துக்குள்ள வடிஞ்சிடும்னு தோணுது. பத்து மணிக்குப் பார்க்கலாமா?” என்றாள்.

“பார்க்கலாம். ஆனா இன்னிக்குப் போறதில்ல. நாளைக்குத்தான்.”

அவள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது குச்சியை எடுத்து, புதிய விளிம்பில் நட்டுவிட்டு வந்தாள். பத்து மணிக்கு அந்தக் குச்சியின் அடியும் நனைந்திருந்தது. கூடாரத்தை இன்னும் நான்கடி மேலே நகர்த்தினோம். பிறகு நாள் முழுக்கத் திட்டில் உட்கார்ந்து, முழு மரம் ஒன்று வேரோடு, எங்கள் படகு போயிருக்க வேண்டிய வளைவின் வெளிப்பக்கம் போய் மாட்டி, மேலும் இரண்டு மரங்களைப் பிடித்து வைத்துக்கொண்டதைப் பார்த்தோம். வரைபடத்தை எடுத்து அந்த வளைவில் ஒரு சிவப்புக் குறி போட்டேன்.

மாலை நான்கு மணிக்கு நீர் இறங்கத் தொடங்கியது. மறுநாள் காலையில் இரண்டாவது குச்சி காய்ந்த மணலில் நின்றது, முதல் குச்சி விளிம்பில். இரண்டையும் பிடுங்கிப் படகில் போட்டுக்கொண்டு, உட்பக்கக் கரையை ஒட்டிப் புறப்பட்டோம்.